பகலில் பூட்டிய இரவு

மேலகரம் தாண்டி ஸ்ரீமதி ஸ்கூட்டியை நிறுத்தியபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் போகும் வேன்கள் பாட்டும் கூச்சலுமாகக் கடந்தன. அந்தப் பழைய ஐஸ் ஃபாக்டரிக்குள் மட்டும் எந்தச் சத்தமும் நுழைவதில்லை. பனிக்கட்டி உருகாமலிருக்க எழுப்பிய தடித்த சுவர்கள். இப்போது அதற்குள் ஒரு விதை நிறுவனம் செடிகளுக்கென்று தனியாகப் பகலும் இரவும் செய்துகொண்டிருந்தது.

வெளியே மதியம் என்றால் உள்ளே நடுநிசி. செவ்வந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும், அப்போதுதான் மொட்டு வைக்கும். இடையில் ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் செடி ஏமாந்துவிடும். மாதக்கணக்கான உழைப்பு வீண். அதனால் இருட்டறைக்குள் போகிறவர்கள் செல்போனை வாசலறைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

போன வாரம் ஸ்ரீமதி இருட்டு நேரத்தில் அந்தக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே கரியமிலவாயு ஏறுவதாகக் கதவின் மேலிருந்த மீட்டர் காட்டியது. செடிகள் மட்டும் விடும் மூச்சுக்கு அப்படி ஏறாது. ஏறினால் உள்ளே ஆள் இருக்க வேண்டும், அல்லது செடிகளுக்காக உள்ளே வைத்திருக்கும் அந்த வாயுவின் சிலிண்டர் கசிய வேண்டும். கசிந்தால் மயக்கம், அதற்கு மேல் சாவு. யாரோ முனகுவதும் கேட்டது. திறந்தாள். யாருமில்லை. செடிகளும் ஈரமண் வாசனையும், யாரோ வெகுநேரம் அடைந்து கிடந்த அறையின் வெதுவெதுப்பும்தான் இருந்தன.

மேனேஜர் கோமதிசங்கர் கத்தவில்லை. "பயமா இருந்தா வீட்ல இருந்துக்கிடுங்க மேடம். இன்னொரு தடவை திறந்தீங்கன்னா, ஜெயபிரியாவை வச்சே நடத்திக்கிடுதேன்" என்றார்.

ஜெயபிரியா கீழப்பாவூர்ப் பெண். புதிதாகச் சேர்ந்தவள். வாய் ஓயாது. இன்றும் ஸ்ரீமதியைப் பார்த்ததுமே ஆரம்பித்தாள். "யக்கா, உங்க பேய்க்கு டீ வாங்கியாரணுமா? சீனி போட்டா, போடாமலா?"

"உன் வாயைத்தான் மொதல்ல பூட்டணும்ட்டி."

"பூட்டுங்க, பூட்டுங்க. உள்ள சொட்டுக் குழாயைப் பாத்துட்டு அப்படியே கடைக்குப் போறேன்."

ஸ்ரீமதிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலை போனால் அண்ணன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். புருஷனை விட்டு வந்தவளுக்கு அங்கே தட்டு எந்த மூலையில் வைக்கப்படும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் உரமூட்டைகளைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இருட்டறை விளக்குகள் அணைந்து, கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. எதிரே மேசையில் உட்கார்ந்தாள்.

மீட்டரில் எண் ஏறியது.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவை நகத்தால் பிறாண்டும் சத்தம். பிறகு, மிக மெல்ல.

"யக்கா... திறங்கக்கா. மாட்டிக்கிட்டேன். உள்கைப்பிடி அசைய மாட்டேங்கு."

ஜெயபிரியாவின் குரல்.

ஸ்ரீமதி மேசைத் தொலைபேசியில் அவள் எண்ணை அழுத்தினாள். உடனே எடுக்கப்பட்டது.

"ஜெயா, எங்கட்டி இருக்க?"

"டீக்கடைலக்கா. மழை விடட்டும்னு நிக்கேன்."

மழைச் சத்தமும் கிளாஸ்கள் உரசுவதும் கேட்டன. அப்படியானால் உள்ளே இருப்பது போன வாரத்து ஏமாற்றுதான். ஸ்ரீமதிக்கு மூச்சு சீரானது.

"மூச்சு முட்டுதுக்கா..." என்றது கதவு.

அந்தக் குரல் கெஞ்சக் கெஞ்ச, அவளுக்குள் இதமாக ஏதோ பரவியது. நிஜமாகவே இவள் உள்ளே இருந்தால்? நீ இல்லையென்றால் இந்த வேலை எனக்குத்தான். நினைத்த மறுகணமே கூசிப்போனாள். உதடுகூட அசையவில்லை. ரிசீவர் இன்னும் காதில்தான் இருந்தது.

"அதான் சரி" என்றது தொலைபேசி. "திறந்திராதீங்க."

திறப்பதைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

ரிசீவரை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டு வாசலறைக்கு ஓடினாள். யாருமில்லை. கூடைக்குள் ஜெயபிரியாவின் போன் கிடந்தது. திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே பிறாண்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

திரும்பி ஓடி, இரண்டு கைகளாலும் இரும்புத் தாழை இழுத்தாள். வெளிச்சம் செவ்வந்திகளின் மேல் பாய்ந்தது. வாசற்படியிலேயே சுருண்டு கிடந்தாள் ஜெயபிரியா. விரல் நுனிகளில் ரத்தம். அவளை இழுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்கு வந்து, சாரலில் கிடத்தி, கன்னத்தைத் தட்டினாள். வெகுநேரம் கழித்து ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று.

"ஜெயா, ஒண்ணுமில்லட்டி. இங்க பாரு."

ஜெயபிரியா கண்ணைத் திறந்தாள். ஸ்ரீமதியின் கையைத் தட்டிவிட்டு, சுவரோடு சுவராக ஒதுங்கினாள்.

"தொடாதீங்க."

"என்னட்டி?"

"கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னீங்கள்ல? நீ இல்லேன்னா இந்த வேலை எனக்குத்தான்னு. நான் அழ அழ, சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க."

அதைச் சொன்னது நான் இல்லை என்று சொல்ல ஸ்ரீமதி வாயெடுத்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், திறந்து கிடந்த அறையிலிருந்து, அவளுடைய குரலே நிதானமாகப் பதில் சொன்னது.

"நான்தான் சொன்னேன்."