பால்கனியில் எதுவும் மாறவில்லை

"பால்கனியில எதையாவது மாத்தினியா பிரியா?"

"இல்லையே. எல்லாம் அப்படியேதான் இருக்கு."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"உங்க தேனீக்கு வீடு அடையாளம் தெரியலைன்னா நான் என்ன பண்றது? முதல்ல நீங்க வீடு வந்து சேருங்க. தோசை ஆறுது."

போனில் ஜெகதீஷ் சிரித்தான். அவன் கடைசியாகச் சிரித்தது அதுதான். பதினோரு மாதமாக அந்தச் சிரிப்பு மோகனப்பிரியாவின் காதிலேயே குடியிருக்கிறது.

திருமழிசையில் ஒரு சின்னக் கம்பெனியில் பறக்கும் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தான் அவள் கணவன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றுக்குத் தேனீயின் பார்வையைக் கொடுத்திருந்தான். அதற்கு வரைபடம் தெரியாது. புறப்படும்போது வீட்டைப் பார்த்தபடியே இடமும் வலமுமாக ஆடி, கண்ணில் பட்டதை வாங்கிக்கொள்ளும். அதே காட்சியைத் தேடித் திரும்பி வரும். ஆவடியில், மூன்றாம் மாடியில் இருந்த அவர்கள் பால்கனியில் அதன் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது கொடியில் கிடந்த சிவப்புப் பெட்ஷீட்தான். "அது திரும்பி வர்ற வரைக்கும் துணியை எடுத்துடாதம்மா" என்று சொல்லி, இயந்திரத்தைப் பறக்கவிட்டு, அது ஏரிவரை போய்த் திரும்புகிறதா என்று பார்க்கக் கரைக்குப் போனான். தூறல் விழுந்ததும் அவள் பழக்கதோஷத்தில் துணியை எடுத்துவிட்டாள். அவன் கேட்டபோது, இதற்குப் போய் ஒரு பேச்சு வாங்குவானேன் என்று பொய் சொன்னாள். வீடு தெரியாமல் ஏரிமேல் சுற்றிச் சுற்றி விழுந்த இயந்திரத்தை எடுக்கத் தண்ணீரில் இறங்கியவனை மறுநாள் உடலாகத்தான் கரைசேர்த்தார்கள். இயந்திரம் கிடைக்கவே இல்லை.

அந்தப் பொய்யை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அதே பெட்ஷீட்டை அதே மடிப்பில் கொடியில் போட்டாள்.

இன்று கீழேயிருந்து இஸ்திரிக்கார அஞ்சலை கத்தினாள்.

"பிரியாம்மா! வானத்துல ஒரு பொட்டு மழ இல்ல, உன் பெட்ஷீட்டு மட்டும் இன்னாத்துக்கு என் தலைமேல சொட்டிகினு கீது?"

"காஞ்சதைத்தானே அஞ்சலை போட்டேன்!"

"அப்போ ஏரி மாடியேறி வந்துச்சாக்கும்! சட்டைங்கல்லாம் பாழு!"

அஞ்சலை முணுமுணுத்துக்கொண்டே வண்டியை நகர்த்தும் சத்தம் தேய்ந்தது. பிரியா துணியைத் தொட்டாள். மேலே வெயிலின் சூடு இன்னும் ஆறாமல் மொடமொடவென்று இருந்தது. கீழோரமோ கனத்துத் தொங்கி, ஏரிச்சேறும் அழுகிய ஆகாயத்தாமரையும் கலந்த வாடையைக் கூடம்வரை அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டாபிராம் போகும் மின்ரயிலின் இரைச்சல் அடங்கிய பிறகும், அதற்கு அடியில் இன்னொரு ரீங்காரம் அடங்காமல் நின்றது.

அவளுக்குத் தெரிந்த ரீங்காரம்.

பாசி படிந்த இரண்டு கண்கள் பெட்ஷீட்டைத் தாண்டி மிதந்து வந்தன. அரைமணிக்குமேல் தாங்காத பேட்டரி அதற்கு. பதினோரு மாதம் ஆகிவிட்டது.

அது தரையிறங்கவில்லை. அவளைப் பார்த்தபடியே இடமும் வலமுமாக ஆடியது. அவளை. கதவை. உள்ளே காலியாகக் கிடந்த நாற்காலியை. வீட்டை மறுபடி மனப்பாடம் செய்தது.

யாருக்காக?

பெட்ஷீட்டுக்கு அடியில் பாதங்கள். இரண்டு. பால்கனிக் கம்பிக்கு வெளியே. நிற்க இடமே இல்லாத இடத்தில்.

ஈரத்துணி மெல்ல உள்நோக்கிப் புடைத்தது. நெற்றி. மூக்கு. வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி. அதிலிருந்து தண்ணீர் வடிந்தது.

ஓடலாம். அவள் ஓடவில்லை.

"ஏங்க..." துணியை நோக்கி ஓரடி வைத்தாள். "நான்தாங்க எடுத்தேன். எடுத்துட்டு இல்லைன்னு சொல்லிட்டேன்."

நீரில் ஊறி வெளுத்த விரல்கள், ஒவ்வொன்றாக, கம்பியைப் பற்றின.

"உள்ள வாங்க. வந்து... ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிடுங்க."