தம்பிக்காக ஒரு முடிச்சு

தம்பி பிறந்த அன்று அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அவன் வர வேண்டிய நாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டான். உள்ளங்கைக்குள் அடங்கும் முகம். தீக்குச்சி போல விரல்கள். பிறந்த உடனே அவனை மருத்துவமனையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். அவள் வேறொரு மாடியில், வேறொரு அறையில் கிடந்தாள். பெற்ற பிள்ளையை இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அவனுடைய அக்காவுக்குப் பத்து வயது. வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். ஆள் சின்னது, பேச்சு காரம் என்று அப்பா வைத்த பெயர் அது. இப்போது அப்பா அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. யாரையுமே கூப்பிடுவதில்லை.

அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். மழைக்காலம் தொடங்கிய சமயத்தில், ஒரு நாள் காலையில், அந்த இயந்திரம் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டது. முழங்கைக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை. காயம் ஆறிவிட்டது. அப்பாதான் ஆறவில்லை. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் பாதி அப்படியே திரும்பி வரும். தம்பியைப் பார்க்க ஒரு தடவைகூட அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை.

அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, சலவைக்கடையில் வேலை செய்பவள். வேலைக்கு முன்னும் பின்னும் வந்து சமைத்து வைப்பாள். ஈரத்திலேயே நிற்பதால் அவளுக்கு எப்போதும் இருமல்.

"இருக்குற கஷ்டம் பத்தாதுன்னு எனக்கு இந்த இருமல் வேற" என்று சொல்லி இருமுவாள். பிறகு, "நல்லவேளை, இதுக்குச் சமைச்சுப் போட வேண்டியதில்ல" என்பாள். முன்பெல்லாம் இதற்கு மிளகு சிரித்திருப்பாள்.

தம்பி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று பள்ளிக்கூடம் விட்டதும் மிளகு புத்தகப் பையோடு அத்தையின் பின்னால் மருத்துவமனைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிகள் இருந்த அறைக்கு வெளியே, பெரிய ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்தாள். மூக்கில் ஒரு குழாய். தலையில் ஒரு கம்பளிக் குல்லா. அது கண் வரைக்கும் இறங்கியிருந்தது.

நர்ஸ் வெளியே வந்தார். முகத்தில் களைப்பு.

"எடை ஏற மாட்டேங்குது" என்றார். "பெட்டியில இருந்தா மட்டும் போதாது. யாராச்சும் நெஞ்சோட சேத்து வெச்சுக்கிட்டு உக்காரணும். மணிக்கணக்கா உக்காரணும். உடம்புச் சூட்டுல இந்த மாதிரிப் பிள்ளைங்க தேறி வருவாங்க. அம்மாவுக்குக் காய்ச்சல் விடல. வேற யார் இருக்கீங்க?"

அத்தை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

"உங்களை இங்க நிக்க விட்டதே தப்பு" என்றார் நர்ஸ். "அப்பா?"

அத்தை தரையைப் பார்த்தாள். "அவனுக்கு ஒரு கைதான் சிஸ்டர். அதுவும் இல்லாம, அவன் எந்திரிச்சு உக்காந்தே பல நாளாச்சு."

"நான் வெச்சுக்கறேன்" என்றாள் மிளகு.

நர்ஸ் குனிந்து அவள் தோளைத் தொட்டார். "உன் நெஞ்சு அவனுக்குப் பத்தாதுடா கண்ணு. பெரியவங்கதான் வேணும்." பிறகு நிமிர்ந்து, அத்தையிடம் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கும் மனசைத் தேத்திக்கங்க."

தாழ்த்திச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கேட்காது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். மிளகுக்கு நன்றாகவே கேட்டது.

அத்தை மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனாள். வார்டுக்குள் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. மிளகு படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

அம்மா தினமும் படுக்கப் போகும் முன் கண்ணை மூடிக் கடவுளிடம் பேசுவாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலவே இருக்கும். "இன்னிக்கு இடுப்பு வலி, சாமி. பொண்ணு கணக்குல கோட்டை விட்டுட்டு வந்திருக்கா. அவங்க அப்பாவுக்குத் தூக்கம் இல்ல. நீங்க பாத்துக்கங்க." அவ்வளவுதான். பிறகு நிம்மதியாகப் படுத்துக்கொள்வாள்.

மிளகும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாமி, தினமும் ராத்திரி உங்ககிட்ட பேசுவாங்களே, நான் அவங்க பொண்ணு. கணக்குல கோட்டை விட்டவ. அப்பாவோட கை போச்சு. அம்மாவுக்குக் காய்ச்சல் விடல. தம்பியும் போயிடுவானோன்னு பயமா இருக்கு. இதுக்கு மேல எங்களால தாங்க முடியாது. நீங்க பாத்துக்குவீங்கன்னு அம்மா சொல்வாங்க. எப்படிப் பாத்துக்குவீங்கன்னுதான் எனக்குத் தெரியல."

காது கொடுத்துக் கேட்டாள். லிஃப்ட் மேலே போகும் சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு வாளி உருண்டது. வேறு எதுவும் இல்லை. அவள் அழுதாள். அழுதுவிட்டு, முகத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் நெரிசல். உட்கார இடமில்லை. யாரையும் இடிக்காமல் இருக்கப் புத்தகப் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நின்றாள். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எல்லோரும் ஒருபக்கம் சாய்ந்தார்கள். பை மட்டும் நெஞ்சை விட்டு அசையவில்லை.

மிளகு பையைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். பையை எந்தக் கையும் பிடிக்கவில்லை.

"அத்தை" என்றாள். "வீட்டுல நீளமான துணி இருக்கா?"

வீட்டுக்கு வந்ததும் அத்தை அடுப்பைப் பற்ற வைத்தாள். மிளகு பழைய போர்வை ஒன்றையும் மாவுப் பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலுக்குப் போனாள்.

"அப்பா, கொஞ்சம் எந்திரிங்க."

அப்பா காலை மடக்கிக்கொண்டார்.

"தம்பியை யாராச்சும் நெஞ்சோட வெச்சுக்கணுமாம். நீங்கதான் இருக்கீங்க."

"ஒத்தைக் கையால பிள்ளையைத் தூக்கிக் கீழ போடச் சொல்றியா?" சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தூக்க வேணாம். கட்டிக்கலாம். இதை முதல்ல கட்டிப் பாப்போம்."

அவள் விடவில்லை. தோளைப் பிடித்து இழுத்தாள். கடைசியில், அவளைத் துரத்துவதற்காகவே எழுந்தவர் போல அப்பா எழுந்து உட்கார்ந்தார். மிளகு மாவுப் பையை அவர் நெஞ்சில் வைத்து, போர்வையைச் சுற்றி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாள்.

"இப்ப நடங்க."

அப்பா எழுந்து நின்றார். ஓர் அடி வைத்தார். முடிச்சு நழுவியது. அவர் பிடிக்கப் பார்த்தார். இல்லாத கைதான் முதலில் நீண்டது. மாவுப் பை தரையில் விழுந்து வெடித்தது.

அறை முழுக்க வெள்ளைப் புகை போல மாவு பறந்தது.

"பாத்தியா?" என்றார் அப்பா. "இதுதான் நடக்கும். இதுவே அவனா இருந்திருந்தா?"

அவர் படுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, துடைப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். மிளகு பெருக்கினாள். கண்ணீர் மாவில் விழுந்து சின்னச் சின்ன உருண்டைகளானது. பெருக்கிக்கொண்டே முணுமுணுத்தாள்.

"யார்கிட்ட பேசற?" அப்பா திரும்பாமலே கேட்டார்.

"சாமிகிட்ட."

"அவருக்குக் காது கேக்குதா?"

"தெரியல. பதில் வரல." மிளகு மூக்கை உறிஞ்சினாள். "வீட்டுல அம்மாதான் பேசுவாங்க. இப்ப அவங்களால முடியல. யாராச்சும் ஒருத்தர் பேசணும்ல? இல்லன்னா நாம விட்டுட்டோம்னு நினைச்சுக்குவாரு."

கட்டில் லேசாக முனகியது.

"என்ன கேட்ட?"

"அவிழாத முடிச்சு எப்படிப் போடறதுன்னு கேட்டேன்."

மிளகு மாவை முறத்தில் அள்ளி முடித்தாள். துடைப்பத்தை மூலையில் சாய்த்தாள்.

"மிளகு."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெயரை அவர் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது.

"நீ போட்டது ஜடைக்குப் போடற முடிச்சு" என்றார் அப்பா. எழுந்து உட்கார்ந்திருந்தார். மீசையில் மாவு ஒட்டியிருந்தது. "தொழிற்சாலையில மூட்டை கட்டற முடிச்சு ஒண்ணு இருக்கு. இழுக்க இழுக்க இறுகும். எனக்குத் தெரியும். போடத்தான் கை இல்ல."

"எனக்கு ரெண்டு இருக்கு" என்றாள் மிளகு. "சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல அவள் போட்டாள். முதலில் தோளுக்கு மேல். பிறகு முதுகில் குறுக்காக. பிறகு இடுப்பைச் சுற்றி முன்னால். "அந்த நுனியை உள்ள விடு. இல்ல, அடியில. இப்ப இழு." ஐந்தாறு தடவை தவறிப்போனது. மாவு தீர்ந்துவிட்டதால் ஒரு பை உருளைக்கிழங்கை வைத்துக் கட்டினார்கள். அப்பா நடந்தார். குனிந்தார். குதிக்கக்கூடச் செய்தார். உருளைக்கிழங்கு அசையவில்லை.

கதவு திறந்திருந்தது. வெளியே போன பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, நெஞ்சுல என்ன?"

"உருளைக்கிழங்கு" என்றார் அப்பா.

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். "குளிருதா அதுக்கு?"

அடுப்படியில் அத்தை சிரிக்க ஆரம்பித்து, இருமலில் முடித்தாள்.

மறுநாள் விடுமுறை. காலையிலேயே அப்பாவும் மிளகும் பேருந்து ஏறினார்கள். அத்தை துவைத்துத் தேய்த்துத் தந்த மெல்லிய துணி மிளகின் மடியில் இருந்தது. அப்பாவின் நெற்றியில் வியர்வை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தான். அதையும் சாமிகிட்ட சொல்லிட்டேன்."

"என்னைப் பத்தியும் சொல்லு. நான் பேசி ரொம்ப நாளாச்சு."

"நீங்களே சொல்லுங்கப்பா. அவர் கோவிச்சுக்க மாட்டாரு."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைகளும் கம்பங்களும் பின்னால் ஓடின. அவர் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று மிளகு கேட்கவில்லை.

நர்ஸ் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். துணியைப் பார்த்தார். "முதல்ல கட்டிக் காட்டுங்க" என்றார்.

மிளகு கட்டினாள். நர்ஸ் முடிச்சைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். இன்னும் ஓர் இழு. பிறகு உள்ளே போய் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார். அவரும் இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளையோட மூஞ்சி ஒரு பக்கமா திரும்பியிருக்கணும். மூச்சு விட இடம் வேணும். நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றார் நர்ஸ். "போய்ச் சோப்புப் போட்டுக் கை கழு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"கையைக் கழுவிட்டு வரேன் சிஸ்டர்" என்றார் அப்பா. "எனக்குச் சீக்கிரம் முடிஞ்சிடும்."

மிளகு திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அப்பா கேலி பேசுகிறார்.

ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். சட்டையைக் கழற்றிவிட்டு அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நர்ஸ் தம்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து, குழாய் இழுபடாமல், அவர் நெஞ்சில் வைத்து, மிளகு கட்டிக் காட்டியபடியே துணியைச் சுற்றி இறுக்கினார். தம்பி வீறிட்டான். அந்த உடம்புக்கு அது பெரிய சத்தம். அப்பாவின் இடது கை, எங்கே தொடுவது என்று தெரியாமல், வெகு நேரம் காற்றிலேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கி, அவன் முதுகை மூடிக்கொண்டது.

தம்பி அழுகையை நிறுத்தினான்.

நேரம் போனது. வராந்தா பெஞ்சில் மிளகு உட்கார்ந்தாள், நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். நர்ஸ் அவ்வப்போது தம்பியின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். கடைசியில் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"சூடு ஏறியிருக்கு" என்றார். "மூச்சும் சீரா இருக்கு. இன்னும் நிறைய நாள் ஆகும். எதையும் இப்பவே சொல்லிட முடியாது. ஆனா இன்னிக்கு நல்லா இருக்கான். உங்க அப்பா அசைய மாட்டேங்கறாரு. தண்ணி குடிங்கன்னா, பிள்ளை முழிச்சுக்குவான்னு சொல்றாரு."

மிளகு கதவிடுக்கில் தலையை நீட்டினாள். அப்பாவின் முகம் நனைந்திருந்தது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

"போய் அம்மாகிட்ட சொல்லு" என்றார், உதட்டை மட்டும் அசைத்து.

"உள்ள விட மாட்டாங்களே."

"வாசல்ல நின்னு சொல்லு. சத்தமா சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

அப்பா கீழே பார்த்தார். குல்லா நகர்ந்து, தம்பியின் ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது.

"பிள்ளை என்கிட்ட இருக்கான்னு சொல்லு."

வராந்தாவில் ஓடக் கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மிளகு அதைப் படித்துக்கொண்டே ஓடினாள்.