கொக்குத்திட்டியில் காய்ந்த செட்டைகள்

"சுறா கரையில நடந்து போகுமோ, அண்ணை?"

ஜெசிந்தா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். மன்னார்க் கடலில் சுறாக்களை ஆராயும் குழுவில் அவளுக்கு வேலை. ஒரு திமிங்கலச் சுறாவின் முதுகுச் செட்டையில், அதாவது துடுப்பில், அவளே பூட்டிய கருவி, இரண்டு நாளாக ஒரே இடத்திலிருந்து சைகை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த இடம் கடலே அல்ல. கொக்குத்திட்டி என்ற ஆளில்லாத மணல் தீவு!

அவளுடைய அண்ணன் செபமாலையின் முகம் இறுகியது. "வெளிக்கிடு!" என்றான். சங்கு குளிக்கும் இர்பானும் படகில் ஏறிக்கொண்டான்.

திட்டுகளுக்கிடையே நீரோட்டம் படகைப் பிடித்துத் திருகியது. "இடப்பக்கம் பாறை!" என்று இர்பான் கத்த, செபமாலை வெட்டித் திருப்பினான். மயிரிழையில் தப்பினார்கள்.

தீவில் கால் வைத்ததுமே நாற்றம் மூக்கில் அறைந்தது. பற்றைச் செடிகளுக்குப் பின்னால் கயிறு கயிறாகச் செட்டைகள் காய்ந்தன. ஒன்றில் அவள் பூட்டிய கருவி! செட்டை அறுத்து வீசிய உடல்கள் ஆழமில்லாத தண்ணீரில் கிடந்தன. ஒன்றின் செவுள் இன்னும் அசைந்தது.

"உயிரோடயே அறுத்திருக்கிறாங்கள்!" ஜெசிந்தா அந்த உடலருகே குனிந்தாள். "கூனி இறாலைத் தின்னிற வாயில்லாச் சீவன். ஆரையாவது கடிச்சதோ?"

சற்றுத் தள்ளி, வாலில் கயிறு கட்டிய ஒரு சுறாக்குட்டி முழுசாக, உயிரோடு துடித்தது. அதே நேரம் இயந்திரச் சத்தம்!

"பெரிய வள்ளம் வருது. படம் எடுத்தாச்சு, ஓடுவம்!" என்றான் இர்பான்.

"இதை விட்டிட்டு நான் வரமாட்டன்!"

ஜெசிந்தா இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்தாள். இர்பான் மூழ்கிக் கயிற்றை அறுத்தான். மூவரும் சேர்ந்து சுறாவை ஆழத்துக்குத் தள்ளினார்கள். திடீரென்று ஒரு வாலடி! செபமாலை குப்புற விழுந்தான். சுறா போயே போய்விட்டது.

அதற்குள் வள்ளம் கரையை நெருங்கிவிட்டது. அதன் முன்பக்கத்தில் நின்றவர் மீனவர் சங்கத் தலைவர் அல்போன்சு. சுறாவைக் காப்போம் என்று போன மாதம் மேடையில் முழங்கியவர். அன்றைக்கு அவருக்கு மாலை போட்டதே ஜெசிந்தாதான்!

"படத்தை அழிச்சிட்டுப் போ, பிள்ளை. நாலு செட்டைக்காக ஊரைப் பகைக்காத."

"ஊரின்ர பேரை இழுக்காதயுங்கோ! ஊர்ச் சனம் வெறும் வலையோட திரும்பி வருது. நீங்கள் கடலையே அறுத்து விக்கிறியள்!"

மூவரும் படகுக்கு ஓடினார்கள். வள்ளம் சீறிக்கொண்டு துரத்தியது. "மோட்டரைத் தூக்கு! குதியுங்கோ!" என்று இர்பான் கத்தினான். கணுக்கால் தண்ணீரில் படகைத் தள்ளி மணல்மேட்டைக் கடந்தார்கள். பின்னால் வந்த வள்ளம் 'சர்'ரென்று தரைதட்டி நின்றது. கடல் வற்றும் நேரம், இனி அசையாது! இர்பான் கடற்படைக்கு அழைத்தான். வள்ளத்தில் இருந்த செட்டை மூட்டைகளோடு அல்போன்சு அங்கேயே பிடிபட்டார்.

இறங்குதுறையில் கூட்டம். "எங்கட ஆளைக் காட்டிக் குடுத்திட்டியளே!" என்று சிலர் பாய்ந்தார்கள். ஜெசிந்தா படங்களை நீட்டினாள். மீன் விற்கும் பிலோமினாக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். செவுள் அசைந்த சுறாவின் படத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"இனி இந்தத் திட்டியளை நாங்களே பாப்பம். முதல் காவலுக்கு எங்கட வள்ளம் போகும்" என்றார்.

வாரம் திரும்புமுன் பதினொரு வள்ளங்கள் முறைபோட்டுக் காவல் போயின. செபமாலை தன் முறை வந்த அன்று தங்கையைக் கேட்டான்:

"இன்னும் கோவம் ஆறேல்லையோ?"

"ஆறேல்லை. ஆறினா நாளைக்கு வீட்டிலயே இருந்திடுவன்" என்று சொல்லிப் படகில் ஏறினாள் ஜெசிந்தா.