இருபத்தேழாவது இறக்கம்

மாதேஸ்வரன் தன் மச்சினன் முனியப்பனுக்குத் தர வேண்டியிருந்தது இருபத்தேழு ரூபாய். கம்பு காய்ந்துபோன வருஷம் வாங்கியது.

அதைக் கழிக்க ஒரு வழி வந்தது. காரிமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு பாழுங்கிணறு, நூற்றிருபது அடி, சொட்டுத் தண்ணீர் கிடையாது. அறுபத்தெட்டில் ஆராய்ச்சிக்காரர்கள் ஜீப்பில் வந்து அதை வாடகைக்கு எடுத்தார்கள். புகை கக்கும் திரவத்தைக் குடுவையில் ஊற்றி, இரும்புப் பெட்டிக்குள் வைத்து, கிணற்றுக்குள் விழவிடுவார்கள். அடியில் வைக்கோல் மெத்தை.

"இது வெறும் காத்துதான்ப்பா. ரொம்பக் குளிர வச்சா இப்படி ஆயிடும்," என்றார் பெரிய சார். "விழற ரெண்டு மூணு செகண்டும் பெட்டிக்குள்ள எதுக்கும் எடை இருக்காது. அப்ப இது என்ன பண்ணுதுன்னு பாக்கறோம்."

இறங்கிப் போய்ப் பெட்டியைக் கயிற்றில் கட்டிவிட்டால் ஒரு ரூபாய். மாதேஸ்வரனும் முனியப்பனும் முறை வைத்து இறங்க வேண்டும். மாதேஸ்வரனுக்குக் கிணற்றில் இறங்குவது என்றாலே பயம்.

"என் முறைக்கும் நீயே எறங்கு மச்சான். எறக்கத்துக்கு எனக்கு வர்ற ஒரு ரூபாய நீயே வாங்கிக் கடன்ல கழிச்சிக்க."

"அப்படியே அடியில எனக்கு ஒரு வூடும் கட்டிக் குடுத்துருங்க மாமா," என்று சிரித்தான் முனியப்பன்.

அப்படி இருபத்தாறு இறக்கம் ஆயிற்று. இருபத்தேழாவது நாள் குடுவை அடியில் உடைந்தது. கிணற்றுக்குள் வெள்ளையாகப் புகை தேங்கி நின்றது. சித்திரை வெயிலுக்கு அந்தக் குளிர்ச்சி சுகமாக இருந்தது.

பாழுங்கிணற்றில் இறங்குமுன் எரிகிற லாந்தரை இறக்கிப் பார்ப்பார்கள். சுடர் அணைந்தால் அடியில் மூச்சுவிடக் காற்று இல்லை, ஆள் இறங்கக் கூடாது. முனியப்பன் லாந்தரைத் தேடினான்.

"வெறும் காத்துதான்னு சாரே சொன்னாரில்ல? காத்துக்கு எதுக்கு லாந்தரு? சந்தை பஸ்ஸு போயிரும், எறங்கு," என்றான் மாதேஸ்வரன்.

முனியப்பன் இறங்கினான்.

பெட்டியைக் கட்டியதும் அடியிலிருந்து ஆட்டும் கயிறு ஆடவில்லை.

கூப்பிட்ட குரல்தான் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தினாலும், மாதேஸ்வரன் கையில் ஓர் ஆள் கனம் கனத்தது. அரைக்குடம் ஏற்றுவதற்குள் தோள் இற்றுப்போகும். ஏழு வருஷம் அப்படியே இழுத்தான். ஏறி வராத இறக்கத்தைக் கடனில் கழிக்க அவனுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு கடத்தூருக்குப் போய், முனியப்பனின் மனைவி குள்ளம்மாளிடம் நீட்டினான். லாந்தர் விஷயத்தையும் சொன்னான்.

அவள் ரூபாயை வாங்கவில்லை.

"நான் குடுத்த கடன் இல்லீங்கண்ணா. குடுத்தவரு கிட்டயே குடுத்துருங்க."

மறுநாள் உச்சிவெயிலில் லாந்தரை ஏற்றி, ரூபாயைத் துணியில் முடிந்து அதன் பிடியில் கட்டி, அந்தக் கிணற்றுக்குள் இறக்கினான்.

"லாந்தரு கொண்டாந்திருக்கேன் மச்சான்," என்றான் மெதுவாக.

புகை போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அடியில் சுடர் அணைந்தது.

கயிறு விறைத்தது.

பிறகு, இரண்டு மூன்று செகண்டு, கையில் கயிறு இருப்பதே தெரியவில்லை.

மேலே இழுத்தான். கண்ணாடி முழுக்க வெண்பனி உறைந்திருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. ரூபாய் இல்லை.

கடன் தீர்ந்தது என்று அழுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கிணற்றில் குடத்தை விட்டான். தளும்பத் தளும்ப நிறைந்த குடம் கனமே இல்லாமல் ஏறி வந்தது, கீழேயிருந்து யாரோ தூக்கிக் கொடுப்பதுபோல.