பேட்டரி ஆலை மண்

நகராட்சித் திட்ட அதிகாரி துப்பறிவாளரின் அறைக்குள் வந்ததும், துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிக் குப்பியை மேசைமேல் வைத்தார். உட்காரவில்லை.

"பழைய பேட்டரி ஆலை நிலத்துல என்ன விஷம் இருக்குன்னு பரிசோதிக்க, அரசு நிதிக்காக நாலு வருஷம் அலைஞ்சேன் மேடம். நிதி வந்துச்சு. குழி போட்டு மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். ஈயம் உருக்கின இடம்கூட சுத்தமா இருக்குதாம். ஆபீஸே கொண்டாடுது. எனக்கு எங்கயாவது போய் முட்டிக்கலாம் போல இருக்கு."

துப்பறிவாளர் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைப் பிடித்தே தலை நரைத்தவர். அவருக்கு உதவியாக இருந்த கொழுந்தன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அண்ணி, இது யாரோ நிலத் தரகரோட வேலைதான்."

"முழுசாக் கேக்கறதுக்குள்ள தீர்ப்பு சொல்லிட்டியா? நீங்க சொல்லுங்கம்மா."

குழி போட்ட வாரம் முழுக்க மழை. வண்டி வர முடியாததால், மண் எடுத்த அன்றிரவு குப்பிகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். அதிகாரி அவற்றுக்கு முத்திரை ஒட்டியது மறுநாள் காலையில்தான். முந்தின மாலை பள்ளியில் இருந்தவர்கள் மூன்று பேர்: குழி போட்டவர், மழைக்கு ஒதுங்கிய ஒரு நிலத் தரகர், தலைமை ஆசிரியை. ஆய்வுக்கூடத்தில் மிஞ்சிய மண்ணில் ஒரு குப்பியைத்தான் அதிகாரி இப்போது கொண்டு வந்திருந்தார்.

துப்பறிவாளர் துணியைப் பிரித்துக் குப்பியைச் சாய்த்தார். சிவப்பு மண் மாவுபோல் சரிந்தது. கண்ணாடியில் ஈரம் படிந்த தடமே இல்லை. மறுபடி துணியைச் சுற்றிவிட்டார்.

மறுநாள் அதிகாரியையும் கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு போய், அந்த மூவரையும் பள்ளியில் பாதி கட்டி நின்றுபோன வகுப்பறைக்கு வரவழைத்தார். தகரக் கூரையின் கீழ், தரையை நிரப்பக் கொட்டியிருந்த செம்மண் குவியல். வெளியே ஒரே வராந்தாவில் இரண்டு வகுப்புகள் ஒன்றையொன்று அமுக்கிக் கத்திக்கொண்டிருந்தன.

"குப்பியில இருந்த மண்ணை யாரோ மாத்தியிருக்காங்க" என்றார். குப்பி துணிக்குள்ளேயே இருந்தது.

"நான் எடுத்தது சாம்பல் நிறச் சகதி. கண்ணெல்லாம் எரிஞ்சுது" என்றார் குழி போட்டவர்.

தரகர் சிரித்தார். "அந்தச் சேத்தை நான் எதுக்குங்க தொடறேன்? வேட்டி அழுக்காகிடும்."

தலைமை ஆசிரியை எரிச்சலுடன் திரும்பினார். "எனக்கு அங்க ரெண்டு வகுப்பு காத்துக்கிட்டிருக்கு. காஞ்ச மண்ணைக் காட்டி எல்லாரையும் நிக்க வைக்காதீங்க."

"காஞ்ச மண்ணுன்னு யாரு சொன்னது உங்களுக்கு?"

துப்பறிவாளர் துணியைப் பிரித்தார்.

"ஒரு வாரம் மழை பெஞ்ச நிலம். இறுக மூடின குப்பியில ஈரம் எங்கயும் போகாது. அப்ப இந்த மண்ணு உள்ள போறப்பவே காஞ்சிருக்கணும். அது கூரைக்குக் கீழ கிடந்த மண்ணு. இதோ, இந்தக் குவியல். இவங்க ரெண்டு பேர் மனசுலயும் சேறுதான் இருக்கு. உங்க மனசுல மட்டும்தான் காஞ்ச மண்ணு."

தலைமை ஆசிரியை மறுக்கவில்லை. "ஆமா, மாத்தினேன். இதுக்கு முன்னாடி பக்கத்து ஊர் ஆலை நிலத்தையும் பரிசோதிக்க நிதி குடுத்தாங்க. விஷம்னு எழுதினாங்க, வேலி போட்டுட்டுப் போனாங்க. சுத்தம் பண்ண யாரும் வரல. இந்தத் தடவையாவது சுத்தம்னு வந்து, வகுப்பு கட்ட நிலம் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும்னு பார்த்தேன்."

"விஷத்து மேல பிள்ளைங்களை உக்கார வைக்கப் பார்த்தீங்களே" என்றான் கொழுந்தன்.

"மேல சிமெண்ட் போட்டுட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்" என்றார் தலைமை ஆசிரியை.

அதிகாரி ஓரடி முன்னே வந்தார். "எல்லாக் குப்பியையுமா மாத்தினீங்க? கிழக்கு மூலையில எடுத்ததையும்?"

"எது எந்த இடம்னு எனக்கென்ன தெரியும்? எல்லாத்தையும் ஒரே சாக்கடையில கொட்டிட்டேன்."

"அது ஆலையோட விளையாட்டு மைதானம். அங்க ஈயமே போனதில்ல. அந்த மூலை சுத்தம்னு நிரூபிச்சு, அதைப் பிரிச்சு உங்களுக்கு எழுதி வாங்கத்தான் இத்தனை வருஷம் அலைஞ்சேன். ஒரு நிலத்துக்கு மறுபடி நிதி தர மாட்டாங்க."

தலைமை ஆசிரியை குழி போட்டவரைப் பார்த்தார். "அந்த மூலை மண்ணு... எப்படி இருந்துச்சு?"

"வாடை இல்ல. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு." அவர் தலையைச் சொறிந்தார். "ஆனா பார்த்துச் சொல்ல முடியாதுங்களே."

வராந்தாவில் பிள்ளைகள் இன்னும் உரக்க வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.