புழுக்கள் சாகவில்லை!

கைதட்டல் ஓயவில்லை.

அதற்குள் விஞ்ஞானி சாய்ந்தார்!

டம்ளர் உருண்டது. வாயோரம் நுரை... டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தார். பதினெட்டு வருட சர்வீஸ். இருந்தும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் அழுவதை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மகள்தான் அங்கே புழு வளர்க்கும் அறைக்குப் பொறுப்பு. அலறல் கேட்டுத்தான் அங்கிருந்து ஓடி வந்திருந்தாள். பேசும் நிலையில் இல்லை. கூட்டத்துக்கு வந்திருந்த பூச்சிமருந்துக் கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"பாக்டீரியாவை மாத்தி ஒரு புரதம் எடுத்தாரு சார். இலையோட சேர்த்துத் தின்னாத்தான் புழு சாகும். மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒரு டம்ளர் குடிச்சே காட்டுவாரு! மூணு நாள் முன்னாடி எல்லார் எதிர்லயும் ஒரு பெட்டியில இலையையும் புழுவையும் போட்டு, மேல தெளிச்சு மூடினாரு. இன்னைக்குத் திறந்தா... அத்தனை புழுவும் செத்துக் கிடக்கு! கைதட்டினோம். குடிச்சாரு... போய்ட்டாரு!"

"அது ஜெயிச்சா உங்க கடைக்குப் பூட்டுதானே?"

"ஐயோ, என்னைக் கோத்து விடாதீங்க சார்!"

"எந்த பாட்டில்லேர்ந்து குடிச்சார்?"

"எப்பவும் குடிக்கத் தனி பாட்டில் வச்சிருப்பாரு. இன்னைக்கு ஒரு விவசாயி, 'தெளிச்சதையே குடிங்க பார்ப்போம்'னுட்டான். சிரிச்சுக்கிட்டே ஊத்திக்கிட்டாரு..."

மகளின் அழுகை சட்டென்று நின்றது.

"தெளிச்ச பாட்டிலா...?"

முகத்தில் ஈயாடவில்லை!

இன்ஸ்பெக்டர் பெட்டிக்குள் குனிந்தார். செத்த புழுக்கள். இலைகள் பச்சைப் பசேலென்று... ஒரு கடி கூட இல்லை!

"ஏம்மா, தின்னாம எப்படிச் செத்துச்சு?"

மகளின் பார்வை பக்கத்து அறைக் கதவுக்கு ஓடியது.

புழு அறைக்குப் போனார். மேஜைக்கு அடியில், துணி போட்டு மூடிய ஒரு டப்பா. திறந்தார். உள்ளே கொழுகொழுவென்று புழுக்கள் இலையை மென்றுகொண்டிருந்தன. மேலே மகளின் கையெழுத்து: 'அப்பாவின் புரதம். பத்தாம் நாள்.'

பின்னாலேயே வந்தவள் சுவரோடு சரிந்தாள்.

"புழு அதுக்குப் பழகிடுச்சு சார்... தின்னுட்டு ஜோரா இருக்கு. பதினாறு வருஷ உழைப்பு! அப்பாகிட்ட சொல்ல வாய் வரல. செத்த புழுவைக் காட்டிக் காட்டி ஏமாத்தினேன். இந்தக் கூட்டத்துல மட்டும் அவர் தலை குனியக் கூடாதுன்னு... தெளிக்கிற பாட்டில்ல, பட்டாலே புழு சாகுற கடை மருந்தைக் கலந்துட்டேன். அவர் குடிக்கிறது வேற பாட்டில்தானேன்னு இருந்துட்டேன் சார்... எங்கப்பாவை நானே கொன்னுட்டேனே!"

திட்ட மனம் வரவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கும் வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள்.

கான்ஸ்டபிள் டப்பாவைத் தூக்கினார்.

"இதுங்களை என்ன சார் பண்றது?"

"இந்தக் கேஸ்ல பொய் சொல்லாத சாட்சி இதுங்கதான்யா... பட்டினி போடாம இலையைப் போடு!"