சிவப்பு எரியும் பெயர்

ஏழு மாதமாக ஜெசிந்தா டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரு பெயரைத் தாண்டிப்போனாள். சுகிர்தா முடிந்ததும் செண்பகம். நடுவில் இருந்த சுடர்க்கொடியைக் கூப்பிடுவதில்லை.

கருவியின் கட்டளை அது. அந்த மலைப் பள்ளியில் பிள்ளைகள், டீச்சர்கள் எல்லோர் மணிக்கட்டிலும் அச்சமானி. நாடியையும் வியர்வையையும் பார்த்து, பயம் ஏறினால் சிவப்பாக எரியும். பயந்த மூளையில் பாடம் ஏறாது. அதனால் சிவப்பு எரிபவரைக் கேள்வி கேட்காதே, பேர் சொல்லாதே, சும்மா விடு. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். நல்ல எண்ணத்தைத்தான் நம்பவே கூடாது.

மண்சரிவில் சுடர்க்கொடியின் அம்மா, அப்பா, தம்பி மூவரும் வீட்டோடு போனார்கள். சித்தி வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்தாள். தினமும் சிவப்பு. கூட்டல்கூட மறந்துபோயிருந்தது.

ஒரு நாள் டீச்சர் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு கண்ணு."

"மண்ணு சரிஞ்சப்ப நானும் செத்துட்டேனா? தம்பி பேரையும் அவங்க கிளாஸ்ல கூப்பிடறதில்ல."

ஜெசிந்தா அவளுடைய கருவியின் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். பள்ளிக்குள் நுழையும்போது பச்சை. சுகிர்தா பெயர் வந்ததும் மஞ்சள். செண்பகத்தைக் கூப்பிட்ட நொடியில் சிவப்பு. ஒரு நாள் தவறவில்லை. கீழே கருவியின் குறிப்பு: 'வருகைப்பதிவுக்கு அஞ்சுகிறாள். பெயர் சொல்வதைத் தொடர்ந்து தவிர்க்கவும்.'

ஹெட்மாஸ்டர் பரஞ்சோதியிடம் ஓடினாள். "சார், கூப்பிடாததாலதான் புள்ள பயப்படுது."

"மெஷினுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா? விதிய மீறினா என் கழுத்தத்தான் பிடிப்பாங்க, டீச்சர்."

மறுநாள் கூப்பிட்டாள்.

"சுடர்க்கொடி."

பிள்ளையின் கையில் சிவப்பு. டீச்சர் கையிலும் சிவப்பு.

"உள்ளேன் டீச்சர்!"

பக்கத்து வகுப்புக்கே கேட்டிருக்கும். சிவப்பு அணையவில்லைதான். ஆனால் அன்று மதியம் ஒரு கூட்டல் போட்டாள். தப்பாகப் போட்டாள். போட்டாளே.

அடுத்த நாள் காலை ஆசிரியர் அறையில் பரஞ்சோதி பெயர் வாசித்தார்.

"கோமதி டீச்சர்."

"உள்ளேன் சார்."

"ஜெயந்தி டீச்சர்."

"சார், என் பேரு?" என்றாள் ஜெசிந்தா.

அவர் நிமிரவில்லை. மற்றவர்கள் அவள் மணிக்கட்டில் எரிந்த சிவப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, ரொம்பவும் கனிவாக, நாற்காலிகூடச் சத்தம் போடாதபடி எழுந்து போனார்கள்.